பிடிகொடுக்காத வில்

எல்ம் மரத்தை இரண்டு குளிர்காலம் உலரவிட்டு
நானே செதுக்கியது. வளைவில் குறையில்லை.
இருபது அம்புக்குள் கட்டைவிரலின் அடி
கன்றிவிடும், அவ்வளவுதான்.
அம்புகளோ ஒரே பிடிவாதமாய்
இடப்பக்கம் விலகி,
தூர்கிரிம் வீட்டு விறகடுக்கில் குத்தி நிற்கும்.
"உன் வில்லுக்கு என் விறகைப் பிடித்துவிட்டது, சிஸ்ஸல்"
என்று பிடுங்கிக் கொண்டுவந்து தருவார்.

மான்தோல் சுற்றினேன், வழுக்கியது.
சைக்கிள் டியூப், டெலமார்க் ஜனவரியில்
ஓடாய் விறைத்தது.
கார்க் ஒட்டி, கடைவில்லைப் பார்த்து ராவினேன்.
யாரோ ஒருவர் கைக்கு அது பொருந்தியிருக்கும்.

தட்டை ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தபோது
பஸ் டிப்போவிலிருந்து போன்:
சனிக்கிழமையும் நான்தான் ஓட்ட வேண்டுமாம்.
சரி, சரி என்றேன்.
வைத்துவிட்டுக் குனிந்தால்
மாவில் என் கை.
நான்கு பள்ளம், ஒரு மேடு,
பனிச்சறுக்கில் ஒடிந்து கோணலாய்க் கூடிய
மோதிரவிரல்கூட அப்படியே.

அதை அடுப்பில் கல்லாகச் சுட்டு
அளவு பார்த்து ராவினேன்.
கச்சிதம்.
பதினோரு அம்பும்
முன்னைவிட இடப்பக்கம்.

மாவா பொய் சொல்லும்?
அது சரி, சரி என்று நெரித்த கை.

இன்னொரு உருண்டை பிசைந்தேன்.
போனை அணைத்தேன்.
நாண் இழுக்கையில் வில் வந்து சாய்வதுபோல்
மாவு வந்து சாயட்டும் என்று
கையை வெறுமனே நீட்டி வைத்தேன்.
ஒரே ஒரு பள்ளம்,
கட்டைவிரலுக்குக் கீழே, ஆழமில்லாமல்.
மற்ற விரல்கள் மாவைத் தொடவே இல்லை.

இன்று மாலை
விறகடுக்கின் அருகே தூர்கிரிம்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.
கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.