ஒன்பதாவது வரி

விகாஸ்புரி, ஜனவரி. மூடுபனி
மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிட்டது.
வக்கீல் ஹர்லீன், விரல்நுனி வெட்டிய கையுறையோடு
தட்டச்சு செய்கிறார்.
கட்டணம் கிடையாது என்று
சுவரில் நான்கு மொழிகளில் ஒட்டியிருக்கிறது.
தமிழில் இல்லை. தேவைப்பட்டதில்லை.

எதிரே சுய் பார், சின் மலைக்காரி.
சுய் என்றால் பொன். பார் என்றால் பூ.
மோரேயில் எங்கள் தெருவில் பிறந்திருந்தால்
பொன்மலர் என்று ரேஷன் கார்டில் ஏறியிருப்பாள்.

அவளுக்கு வந்த கடிதம் அரைப் பக்கம்.
உதவித்தொகை மறுக்கப்படுகிறது.
மனுதாரர் உழைக்கத் தகுதி உள்ளவர்.
தங்குமிடம் ஏற்கெனவே உள்ளது.
மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
இன்று இருபத்தெட்டு.

என் வேலை எளிது.
அவள் பர்மியத்தில் சொல்வதை நான் இந்தியில் சொல்ல வேண்டும்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.
'அவள் சொல்கிறாள்' என்று ஆரம்பிக்காதே,
நடுவில் நீ இல்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே மீசையோடு நான் சொன்னேன்:
எனக்குப் பால் வற்றிவிட்டது.
குழந்தைக்கு ஏழு மாதம்.
இரவில் கல்யாண மண்டபத்தில் தட்டு கழுவுகிறேன்,
நல்ல நாள் இல்லாத மாதத்தில் அதுவும் இல்லை.
தங்குமிடம் என்று நீங்கள் எழுதியிருப்பது
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே
தகரம் அடித்த சந்து.
மோட்டார் ஓடினால் குழந்தை விழித்துக்கொள்ளும்.
இருபதாம் தேதிக்குள் அதையும் காலி செய்ய வேண்டும்.

வீடு என்கிறாளா, இடம் என்கிறாளா?
ஹர்லீன் நிமிராமல் கேட்டார்.
பர்மியத்தில் வீட்டுக்கு எயின். கனவுக்கு எயின்மெ.
பாதியில் மூச்சு வாங்கினால் எது என்று சொல்ல முடியாது.
இடம் என்கிறேன், என்றேன்.

சரி, ஊரில் இருந்த வீடு?

அவள் இரண்டே சொல் சொன்னாள்.
நான் சொன்னேன்:
எரிந்துவிட்டது. பீரோ மட்டும் நின்றது.
திறந்தால் உள்ளே புடவைகள்
மடித்த மடிப்பு கலையாமல் கரியாக இருந்தன,
விரல் பட்டதும் உதிர்ந்தன.

ஹர்லீன் அடித்து முடித்து எண் போட்டார். ஒன்பது.

சுய் பார் என்னைப் பார்த்தாள்.
இரண்டு வருட டெல்லி
அவளுக்குக் கொஞ்சம் இந்தி கொடுத்திருக்கிறது.
புடவை அவளுக்குத் தெரியும்,
மண்டபத்தில் தினமும் பார்க்கிறாள்.
அவள் ஊரில் யாரும் கட்டுவதில்லை.

ஒன்பதில் 'எரிந்துவிட்டது' மட்டும் இருக்கட்டும், மேடம்.
மீதி?
மீதி வேறொருவருடையது.

ஹர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கேள்வி எதுவும் வரவில்லை.
மொத்தமாக அழித்திருக்கலாம்,
ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.
கரி. மடிப்பு. புடவை. பீரோவின் கைப்பிடி வரை.

அச்சிட்ட தாள் சூடாக வந்தது.
குழந்தை அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு
கொடுக்க மாட்டேன் என்றது.
கொஞ்ச நேரம் யாரும் பிடுங்கவில்லை.
பிறகு கையெழுத்து, பெருவிரல், ரசீது.

கிளம்பும்போது செருப்பை மாட்டியபடி
பர்மியத்தில் என்னைக் கேட்டாள்:
அந்த வேறொருவருக்கு எத்தனை நாள் கெடு?

என்ன சொல்கிறாள், என்றார் ஹர்லீன்.

நன்றி சொல்கிறாள், என்றேன்.