ஓம்புயிர்

பேர்ன் மருத்துவமனை, நான்காம் மாடி.
மணிக்கணக்குச் சீட்டில் என் பெயர், அவர் பெயர்:
சிவகடாட்சம், லாங்நாவ்,
விடுதிச் சமையலறையில் இருபத்தேழு வருடம்.

டொக்டர் ஸ்டெம்ஃப்லி ஒரு வட்டம் வரைகிறார்.
நரி. நரியின் குடலில் புழு.
புல்லில் முட்டை. புல்லைக் கொறிக்கும் எலி.
எலியைத் தின்னும் நரி.
வட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி,
நாலு கோட்டில் ஒரு மனிதன்.
இது நீங்கள், என்கிறார். ஃபேல்விர்ட்.

அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன்.
விர்ட் என்றால் விடுதிக்காரன்.
அந்தப் பாதி அவருக்கு என்னை முந்திப் புரிந்தது:
"முதலாளிக்கும் வருத்தமோ?"

இல்லை அண்ணை.
புழுவுக்கு இடங்கொடுக்கிற உயிரை
இவை அப்படித்தான் சொல்லுறவை.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தது விருந்துவழங்கி.
படம் கீறி, பாகம் குறித்து, ஐந்து புள்ளி.
தமிழ்நாட்டு அகராதியில் ஓம்புயிர்.
இலை போட்டு, தண்ணீர் தெளித்து,
இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுகிற ஓம்பல்.
ஈரலில் எலுமிச்சையளவு வளர்ந்திருப்பதற்கு
எந்தச் சொல்லைப் பரிமாற?

முன்னால் நிற்கும் ஃபேல் இன்னும் மோசம்.
பிழை. தவறி வாய்த்தது.
உங்களை ஒரு நரியும் தின்னப்போவதில்லை,
ஆகவே அதற்கு இங்கிருந்து போக வழியில்லை.
இருக்கும்.

"காட்டுப்பூண்டு ஆய்வன். கழுவித்தான் சமைக்கிறது.
ஒண்டிரண்டு இலை வாயில போட்டிருப்பன்."

பிறகு,
"மற்றச் சொல் எனக்குத் தெரியும். பராசிட்.
வந்த புதுசில, ட்ராமில,
ஒருத்தன் முகத்துக்கு நேரே சொன்னவன்.
அகராதி வாங்கித்தான் பார்த்தனான்."

டொக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"அப்ப இண்டைக்கு நான் விர்ட்."
சிரித்தார். சிரிக்கையில் விலாவைப் பொத்திக்கொண்டார்.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
மாத்திரையைக் கேட்டேன்.
காலை, மாலை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு.
எத்தனை நாள்? வருடங்கள்.

ஜாக்கெட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி
கதவடியில் திரும்பினார்.
"ஒண்டு கேளும் பிள்ளை.
வீடு மாறி வந்திட்டன் எண்டு
அதுக்குத் தெரியுமோ?"

கேட்டேன்.
டொக்டர் யோசித்தார், உண்மையாகவே.

இல்லையாம், என்றேன்.