முப்பத்தெட்டு விழுக்காடு

கடிதங்களை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.
தபாலில் வந்தால் யாரும் திறப்பதில்லை.
திறந்தாலும் பாதி மலாய், மீதி ஆங்கிலம்.
முப்பத்தெட்டு மட்டும் எந்த மொழியிலும் முப்பத்தெட்டு.

பாகாவ் மார்க்கெட்டுக்குப் பின்னால்
டயர் கடை மேகவர்ணனுக்கு முதல் கடிதம்.
கையெல்லாம் கிரீஸ், என்னையே படிக்கச் சொன்னார்.
"மருத்துவப் பணவீக்கம் காரணமாக" என்று தொடங்கினேன்.
"வீக்கம்னா ஊசி போட்டா அடங்குமே" என்றார்.
சிரித்தோம்.
பிறகு அவர் மனக்கணக்குப் போட்டார்:
லோரித் தவணை, மலாக்காவில் மகளுக்கு அறை வாடகை,
நூற்று எழுபத்தொன்பதாக இருந்து
இருநூற்று நாற்பத்தேழு வெள்ளி ஆகிவிட்ட இது.
"வராத நோய்க்கா?"
"வந்துட்டா?" என்றேன், பழக்கதோஷத்தில்.
அந்த ஒரு கேள்வியை விற்றுத்தான்
பதினான்கு வருடம் சோறு தின்றேன்.

இடைத்தேர்தல் நேரம்.
செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரியிலும் கொடி.
இரவு ஆ லெக் காப்பிக்கடையில் நான்கு மேசையை ஒன்றாக்கி
நாட்டின் சுகாதாரத்தைக் கிடத்திவைத்திருந்தார்கள்.

"ஒரு வெள்ளிக்கு டாக்டர் பார்க்கிற நாடு வேற எங்க இருக்கு?"
கிளைத் தலைவருக்குக் குரல் கட்டியிருந்தது.
"அதை அஞ்சாக்குங்க, வசதி உள்ளவன் கட்டட்டும்."
"வசதி உள்ளவன் அங்க எங்கய்யா வர்றான்?"
"மருந்து விலையை எழுதி ஒட்டச் சொல்லணும்."
"ஒட்டட்டும். பார்த்துட்டு வாங்காம வரவா?"

அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாம் சும்மா கிடைத்தது என்று
யாரோ இழுத்தார்கள்.
டிரசராக இருந்து ஓய்வுபெற்ற அந்தோணிசாமி
தேத்தண்ணியிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னார்:
"காய்ச்சலுக்கும் வயித்துவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணி.
நாந்தானே கலக்குனேன்."

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.
ஏன் ஏறுது, நீ சொல்லு.
கம்பெனி ஆஸ்பத்திரியைக் காட்டும்.
ஆஸ்பத்திரி மருந்தைக் காட்டும்.
மருந்து டாலரைக் காட்டும்.
டாலருக்கு விரல் இல்லை.
இதை நான் சொல்லவில்லை.
கூட்டம் கலைந்து, காப்பிக்குக் காசு கொடுக்கும்போதுதான்
தோன்றியது.

சரோஜினிதேவி சண்டை போடவில்லை.
உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு வந்த கையுறையைக் கழற்றி,
அலமாரியில் துணிகளுக்கு அடியில் துழாவி
மெடிக்கல் கார்டை எடுத்து நீட்டினார்.
"ஒரு தடவைகூட தேய்க்கல தம்பி.
புதுசாவே இருக்கு.
வேற யாருக்காவது கொடுங்க."
அப்படிக் கொடுக்க முடியாது என்று விளக்க
எனக்கு வாய் வரவில்லை.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தே முக்கால்.
அரசாங்கக் கிளினிக்கின் இரும்புக் கதவுக்கு வெளியே
செருப்புகளும் பிளாஸ்டிக் பைகளும்
ஆளுக்குப் பதிலாக வரிசையில் உட்கார்ந்திருந்தன.
சட்டைப் பையில் ஒரு வெள்ளி நோட்டு,
அதோடு ஒட்டிக்கொண்டு
இன்னும் கொடுக்காத மூன்று கடிதங்கள்.
என்னுடைய கார்டு பிப்ரவரியிலேயே செத்துப்போனது.
மனைவிக்கு மட்டும் தெரியும்.

முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது.
ஒளிந்துகொள்ள அங்கே தூண்கூட இல்லை.
சரோஜினிதேவி என்னைப் பார்த்தார்,
என் கையிலிருந்த நீலப் புத்தகத்தைப் பார்த்தார்,
பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.
"எத்தனாவது நம்பர்?"
"அறுபத்திரண்டு."
"எனக்கு நாப்பத்தொம்பது. சக்கரையா?"
"சக்கரை."

மேலே, சத்தம் வைக்காத தொலைக்காட்சியில்
யாரோ ஒருவர் விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.
பையிலிருந்து வாழையிலையில் சுற்றிய நாசி லெமாக் வாசம் வந்தது.
நான் அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன் போல.

"ரெண்டு பொட்டலம் இருக்கு" என்றார்.
"ரத்தம் எடுத்தப்புறந்தான் பசியாறணும்."