அவசரத்துக்கு வைத்த மைல்கள்

பீல் நகரில் பனி பெய்கிறது. இரவு பதினொன்று தாண்டிவிட்டது.
குசினி மேசையில் மடிகணினி,
திரையில் ஒரு கோடு,
கோட்டில் ஒரு நீல உருண்டை.
இடப்பக்கம் இழுத்தால் காசு ஏறுகிறது,
வலப்பக்கம் இழுத்தால் மைல் கரைகிறது.

சூரிச்சிலிருந்து மெல்பேர்ண்.
ஒரு ஆள். போகவும் வரவும்.

இருபதாயிரம் மைலும் ஆயிரத்து முந்நூற்றுப் பத்துப் பிராங்கும்.
நாற்பதாயிரம் மைலும் தொள்ளாயிரத்து எண்பதும்.
விரல் சற்றே நடுங்கினாலும்
விலை திடுக்கிட்டு மாறுகிறது.

எங்கள் கணக்கில் எழுபத்தோராயிரத்து நானூறு.
பறந்து சேர்த்ததல்ல.
பதினொரு வருசம் அந்த அட்டையைத் தேய்த்து வாங்கிய
வெங்காயம், பம்பர்ஸ், குளிர்கால டயர்,
நிரோஜனின் பல்லுக்குப் போட்ட கம்பி.

நான் கடிதம் கொடுக்கிறவள்.
மஞ்சள் வண்டியை விட்டிறங்கி ஒரு நாளைக்கு
எத்தனை படி, எத்தனை வாசல், எத்தனை நாய்.
அந்தத் தூரத்தை எந்த விமானக் கம்பெனியும் எண்ணுவதில்லை.
மின்ஸ்கிலிருந்து ஒரு லொறியின் பலகைக்கடியில்
கெங்காதரன் படுத்துவந்த தூரத்துக்கும்
யாரும் உறுப்பினர் எண் கேட்கவில்லை.
"நான் கேட்டிருக்கலாம்" என்று சிரிக்கிறார்.

பிறகு சிரிக்காமல்,
"காசைக் குடுத்து எடும். மைலை விடும்.
ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்."

அவசரம் என்றால் என்னவென்று
இந்த வீட்டில் ஒருவரும் விளக்கிச் சொல்வதில்லை.
விடிய மூன்று மணிக்கு வரும் தொலைபேசி.
அடுத்த விமானம், என்ன விலையானாலும்.
பதினொரு வருசமாய் நாங்கள்
ஒரு செத்தவீட்டுக்குச் சீட்டுக் கட்டி வந்திருக்கிறோம்,
யாருடையது என்று மட்டும் எழுதாமல்.

கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில்:
மார்கழி முப்பத்தொன்றுடன் இந்த மைல்கள் காலாவதி.
அவசரத்துக்கு முன்னம்
அவசரத்துக்கு வைத்தது செத்துப்போகும்.

என் தம்பி தயாளன் நல்லாயிருக்கிறான்.
அதுதான் சிக்கல்.
முழங்கால் கொஞ்சம் நோகிறதாம், அவ்வளவுதான்.
கல்யாணவீடு இல்லை, குடிபூரல் இல்லை.
ஓடாத பழைய பஸ் ஒன்றை வாங்கி
வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறான்,
நான் வந்தால் பச்சை அடிப்பானாம்.
பத்தொன்பது வருசமாய்க் காணாத ஒருவனை
அவன் சுகமாயிருக்கும்போதே போய்ப் பார்க்க
லீவுப் படிவத்தில் என்ன காரணம் எழுதுவது?

உருண்டையைப் பிடித்தேன்.
வலப்பக்கம்.
இன்னும் வலம்.
எழுபத்தோராயிரம் மைலும் நானூற்று எண்பத்தாறு பிராங்கும்.
அதற்கப்பால் நகரவில்லை.
வரிக்கு மைல் செல்லாதாம்.
அரசாங்கங்கள் கைக்காசுதான் வாங்கும்.

கெங்காதரன் ஒன்றும் பேசாமல் தன் அட்டையை எடுத்து
பின்பக்கத்து மூன்று இலக்கத்தை
கண்ணாடி போடாமல் பிழையாக வாசித்தார்.
திரும்ப வாசித்தார்.

மிச்சம் நானூறு மைல்.
அதுக்கு என்ன வரும் என்று தேடினோம்:
பயணப்பெட்டியில் கட்டுகிற பெயர்ப்பட்டி ஒன்று,
அதுவும் கையிருப்பில் இல்லை.

"கிடக்கட்டும்" என்றார்.
எதுக்கென்று நான் கேட்கவில்லை.