வரிசையில் நிற்கிறீர்களா

பல் மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"கடைவாய்ப் பற்களைப் பாதிவரை தின்றுவிட்டீர்கள், துய்ரே."
பல்லைக் கடித்துக்கொண்டு என்று
சும்மா சொல்வதில்லை போல.

பதினோரு வருடம்.
குவோப்பியோவில் அவசர அழைப்பு மையம்,
இரண்டாம் மாடி, ஏழாம் மேசை.
காதுக்குள் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கையில்
என் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன்.
முகவரி சொல்லுங்கள்.
கதவு திறந்திருக்கிறதா?
நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வையுங்கள்.
நான் எண்ணுகிறேன், நீங்கள் அழுத்துங்கள்.
ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்ததும் இணைப்பு அறுந்துவிடும்.
பிழைத்தாரா என்று யாரும் திரும்ப அழைத்துச் சொல்வதில்லை.
கடைசிப் பக்கம் கிழிந்த கதைகள்
நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது.

சாப்பாடா?
தானியங்கி இயந்திரம் தள்ளிவிடும் இறைச்சி பன்.
ஒன்பது கோப்பைக் காபி.
வீட்டுக்கு வந்தால் நின்றபடியே,
குளிர்பெட்டி வெளிச்சத்தில்,
டப்பாவிலிருந்து ஏதோ ஒன்று.
என்ன தின்றாய் என்று வயிறு கேட்டால்
சொல்ல என்னிடம் விவரம் இருக்காது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். பகல் பணி முடிந்து
பேருந்தைத் தவறவிட்டேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேடு முழுக்கப் பிள்ளைகள்.
தவக்காலம் தொடங்குமுன் வரும் சறுக்கு நாள்.
யானைக்கும் அடி சறுக்கும் என்று
ஆறுதல் சொல்லும் வழக்கமில்லை இங்கே.
சறுக்குவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிவிட்டார்கள்.

சும்மா பார்க்கத்தான் ஏறினேன்.
சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி
(முன்பல் இரண்டும் இல்லை,
எங்கள் இருவரையும் கூட்டினால் ஒரு வாய் தேறும்)
"வரிசையில் நிற்கிறீர்களா?" என்றாள்.

கேட்பது என் வேலை.
என்னிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.
இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"ஆமாம்" என்றது வாய்.

சறுக்குப் பலகை இல்லை.
பையில் இருந்தது
'பணியிட மன அழுத்தத்தைக் கையாளும் முறைகள்',
அலுவலகம் கொடுத்த கையேடு, பளபளப்பான பிளாஸ்டிக் உறை,
மூன்று வாரமாகத் திறக்காமல் சுமந்தது.
அதன்மேல் உட்கார்ந்தேன்.

சறுக்கு எவ்வளவு நீளமோ
அவ்வளவு உயரம் வளருமாம் கோடையில் ஆளிச்செடி.
பழைய நம்பிக்கை. பிள்ளைகள் அதைக் கூவிக்கொண்டே இறங்குகிறார்கள்.
என் ஆளிச்செடி முழங்கால் உயரம்கூட வந்திருக்காது.
பாதியில் கையேடு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
காதுக்குள் பனி, கழுத்துக்குள் பனி,
சொல்லக்கூடாத இடத்திலும் பனி.

மல்லாந்து கிடந்தேன்.
எங்கிருந்தோ ஒரு குரல், துருப்பிடித்த கீல் மாதிரி.
பழக்கதோஷம், காது உடனே குறித்துக்கொண்டது:
பெண், ஐம்பதுக்குள், நினைவு தெளிவு,
விட்டுவிட்டு வருகிறது மூச்சு.
பிறகுதான் புரிந்தது
அது சிரிப்பு.
என்னுடையது.

ஆறு முறை ஏறினேன்.
பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

அடிவாரத்தில் பெற்றோர் சங்கத்து அண்டா.
தௌனோ என்று சட்டையில் பெயர் குத்திய ஆள்
பட்டாணி சூப்பை ஊற்றி, ஓரத்தில் கடுகு விழுது வைத்து,
"நின்றுகொண்டு சாப்பிட்டால் தரமாட்டேன்" என்று
பெஞ்சைக் காட்டினார்.
உட்கார்ந்தேன்.
ஆவி முகத்தில் அடித்தது. உப்பு தெரிந்தது. வெங்காயம் தெரிந்தது.
கருப்பு ரை ரொட்டி, விறகு மாதிரி.
பதினோரு வருடம் ஒன்றையொன்று தின்ற கடைவாய்ப் பற்கள்
நடுவில் ரொட்டி வந்ததும் திகைத்து நின்றன,
பிறகு
தங்கள் பழைய வேலையைத் தொடங்கின.

மறுநாள் அதே மேசை.
யாரோ அழைத்தார்கள். எண்ணினேன்.
இணைப்பு அறுந்தது.
பிழைத்தாரா, தெரியாது.
மதியம் டப்பாவைத் திறந்தேன், தௌனோ ஊற்றிக்கொடுத்த மிச்சம்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலைப் பார்த்து,
கடைசிப் பட்டாணிவரை.

கையேட்டின் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன.
இனி திறக்க முடியாது.
உறைக்கு ஒரு கீறல்கூட இல்லை.
ஞாயிறுவரை பனி தாங்கும் என்கிறது வானிலை.