புரட்டாசி நாலாம் நாள், மோய் ரிவர்

கூண்டுக் கதவைத் திறந்தேன்.
ஏழு கோழியும் ஒரு சேவலும்
வாசல்வரை ஓடிவந்து
பிரேக் போட்ட மாதிரி நின்றன.
பின்னால் வந்தது முன்னால் நின்றதை இடிக்க,
முன்னால் நின்றது ஒரு காலைத் தூக்கியபடி
என்னைப் பார்த்தது,
யார் செய்த வேலை இது என்று.

நானில்லை.
டோல் கேட்டில் கடைசி லாரிக்கு
நான் சில்லறை எண்ணிக் கொடுத்தபோது
வெறும் தூறல்.
மூன்று மணிக்குச் சாலையை மூடினார்கள்.
கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிவிட்டு
செருப்புக் காலில் நடந்தே வந்தேன்.

எங்கள் மொழியில் அதுவும் பனி, இதுவும் பனி.
புல்நுனியில் நின்று கால் நனைக்கும் பனியை
இவை அறியும்,
அதைக் கொத்திக் குடித்தவைதான்.
முழங்காலுக்கு ஏறி, தகரத்தை அமுக்கி,
போன வாரம் பூத்த பீச் மரத்தை
பூவோடு விழுங்கியிருக்கும் இதற்கு
வேறொரு சொல் வேண்டும்.
வேலிக்கு அந்தப் பக்கம் நொம்புசோ
தன் மொழியில் ஒன்று சொன்னாள்.
நடுவில் நாக்கு மேலண்ணத்தைச் சொடுக்கியது.
சேவல் திரும்பிப் பார்த்தது.

சேவலுக்குப் பெயர் கவுன்சிலர்.
கழுத்தை மட்டும் வெளியே நீட்டி
ஊரெல்லாம் அரிசி கொட்டிக் கிடப்பதாக முடிவு செய்து
ஒரு கொத்து.
தலையை உதறினான்.
இன்னொரு கொத்து.
பிறகு உள்ளே போய்
சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.
நிஜமாகவே சோளக் குருணை வீசினேன்.
மஞ்சள் வெள்ளைக்குள் இறங்கிக் காணாமல் போனது.
ஒருத்தியும் நம்பவில்லை.

புள்ளிச்சி மட்டும்
எல்லார் முதுகுக்கும் மேலாகப் பறந்தாள்.
முற்றத்து நடுவில் மார்வரை புதைந்தாள்.
கத்தவில்லை, அசையவில்லை.
கோழிக்குள் இத்தனை மௌனம் இருக்குமென்று
நான் நினைத்ததில்லை.
அள்ளி ஜெர்சிக்குள் போட்டேன்.
ஃபிரிட்ஜில் மறந்துவைத்த இரண்டு முள்கரண்டிகள்
என் வயிற்றில்.

அடுப்புச் சாம்பலை அள்ளி
ஒரு சாண் அகலத்துக்குப் பாதை போட்டேன்.
அதில் மட்டும் நடந்தன,
வரிசையாக, ஓரம் தொடாமல்.
சாம்பல் தீர்ந்த இடத்தில் முதலாவது நிற்க
திரும்பவும் வழியில்லை, தள்ளவும் வழியில்லை.
நெடுஞ்சாலையிலும் அப்படித்தான்,
வான் ரீனன் கணவாய்வரை.

கோழியைக் கேட்டுக் குழம்பு வைப்பதில்லை என்பார்கள்.
புரட்டாசியில் குழம்பே வைப்பதில்லை,
முட்டையும் தொடுவதில்லை.
சேர்ந்துபோய்ப் பத்தொன்பது.
இரண்டு குளிரில் விரிந்து
கண்ணாடிக் கீறல்போல் கோடு விட்டிருந்தன.
நொம்புசோ பானை கொண்டுவந்தாள்.
அவித்து, தலையணை உறையில் கட்டி,
உப்பும் மிளகாய்த்தூளும் தாளில் மடித்து
இருவரும் சாலைக்குப் போனோம்.
லுசாகா போகிற ஓட்டுநர் ஒருவர்
ஒன்றை உரித்துத் தின்றார்,
மற்றொன்றைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டார்.
உங்கள் கோழிகள் பிழைக்குமா என்று கேட்டார்.
மாசக் கடைசிவரை உத்தரவாதம் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை,
நொம்புசோ சிரித்தாள்.

மூன்றாம் நாள் வெயில்.
லாரிகள் நகர்கிற இரைச்சல் வீட்டுக்குள் கேட்டது.
தகரத்திலிருந்து பனி சரிந்து விழும்போதெல்லாம்
கவுன்சிலர் பருந்து என்று கூவினான்,
ஏழும் கொட்டிலுக்குள் ஓடி
ஏழும் வெட்கமில்லாமல் வெளியே வந்தன.
மதியத்தில் முற்றம் சேறானது.
நான் குருணை வீசிய இடத்துக்கு
நேராகப் போனாள் புள்ளிச்சி.
இரண்டு கிளறு.
ஊறிப் பருத்த மஞ்சள்.

கொத்துவதற்கு முன்
தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால்,
வானத்தைப் பார்த்துக்கொண்டாள்.