பி பிரிவு

கவரைப் பிரித்தபோது பி என்றிருந்தது.
ஏ என்றால் தேய்க்கலாம், அழுத்தலாம்,
முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு
நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கலாம்.
அந்த வேகத்துக்கென்றே தோலில் தனி நரம்பு இருக்கிறதாம்,
அவசரக் கையை அது கண்டுகொள்ளாதாம்.
பி என்றால் கையை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.
இருபது நிமிடம். அசையாமல்.
ஆய்வுத் தாளில் அதற்குப் பெயர் பொய்த் தொடுகை.

தோட்டப்பாளையத்தில் எங்கள் மையம்.
கீழே வங்காளி ஓட்டல், மேலே மூன்று கட்டில்.
கத்திரி வெயில் குடித்த சுவர்
ராத்திரி பத்து மணிக்கும் சுடும்.
பதினாறு வருடமாய்
முதுகு, தோள், கெண்டைக்கால் என்று பிசைந்த கைகள் என்னுடையவை.
சும்மா இருக்கச் சொன்னால் அவற்றுக்குத் தெரியாது.

தனகோட்டி. குடியாத்தம். வயது ஐம்பத்திரண்டு.
நாளுக்கு எண்ணூறு பீடி சுற்றியவர்.
பொங்கல் கழிந்து பதினோராம் நாள்
முறம் மடியில் இருக்கும்போதே சாய்ந்தவர்.
வலது கை இருக்கிறது.
இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து டாக்டர் ஜெபராணி சொன்னார்:
மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு,
முதுகு முழுவதற்கும் கிடைப்பதைவிட
கட்டைவிரலுக்கு அதிக இடம்.
எண்ணூறு பீடி சுற்றினவருக்கு
இன்னும் ரெண்டு சென்ட் கூடவே இருக்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.
காலியான இடத்தில் பக்கத்து நரம்புகள் குடியேறும்,
தொட்டுத் தொட்டுப் பழையதைக் கூப்பிட முடியுமா
என்பதுதான் கேள்வி.
அதற்குத்தான் ஏ.
பதிலை நம்புவதற்குத்தான் பி.

முதல் நாள் என் கட்டைவிரல் என்னை ஏமாற்றப் பார்த்தது.
மணிக்கட்டுக்கு மேலே ஒரு முடிச்சு, பட்டாணி அளவு.
தெரிந்தும் தொடாமல் இருப்பது
பசித்தவர் எதிரில் சோற்றுப் பானையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.
கடிகாரத்தைப் பார்த்தேன். ஃபேனைப் பார்த்தேன்.
வறண்ட பாலாற்றுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று
இந்த ஊரில் எல்லோரும் சொல்வது
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.
அவருக்கு வேண்டியது ஆறு இல்லை, ஒரு விரல்.

ஒன்பதாம் நாள், கண்ணை மூடியபடியே கேட்டார்:
"இன்னாமா, வூட்ல சண்டையா?
கை இந்தக் கொதி கொதிக்குது."
சண்டைதான்.
எந்தக் கையில தெரிஞ்சது, என்றேன்.
யோசித்தார். வெகுநேரம் யோசித்தார்.
"தெர்லியே."

கொதிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
பிறகு அழித்தேன்,
அழித்த இடம் கொஞ்சம் கறுப்பாகவே இருந்தது.

கடைசி நாள் சோதனை.
கண்ணைக் கட்டி, நைலான் இழையால் தொட்டு,
எந்த விரல், எந்த விரல் என்று ஐம்பது தரம்.
பதினொன்று சரி.
குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்து வரும்.
அந்த ஒன்றை என்ன செய்வது?
பதினொன்று என்றே எழுதினேன்.
மேலே எதுவும் எழுதவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மகன் படியில் நிற்க,
இடது கையால் என் கையை எடுத்தார்.
மூன்று வருடமாய் இரவில் என்னை எழுப்புகிற இடத்தை,
டாக்டரிடமும் சொல்லாத இடத்தை,
கட்டைவிரலின் அடிமேட்டை
தேடாமல், நேராக அழுத்தினார்.
"இங்கதான? பீடிக்காரிக்கும் இங்கதான்."

மெதுவாக இறங்கியது அந்த விரல்.
நொடிக்கு எத்தனை என்று எண்ண வந்தது,
பழக்கதோஷம்.
கீழே ஓட்டலில் கடுகெண்ணெய் காய்கிற வாசம்.
படியில் மகன் மறுபடி கூப்பிட்டான்.
ரெண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.